நல்ல பேர்

புருலியா
8 ஜூலை 2024

அன்புள்ள நாணுவுக்கு,

போன வாரம் நீ நாலு தடவை போன் பண்ணினாய், நாலு தடவையும் நான் எடுக்கவில்லை. கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. போனில் நீ பேச ஆரம்பித்தால் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிடுகிறேன். கம்பெனிக்காரர்களிடம் நிதி கேட்டுக் கேட்டுத் தேறிய வாய் உன்னுடையது. எனக்கு யோசிக்க அவகாசம் வேண்டும், அதனால் இனிமேல் எதுவானாலும் கடிதம்தான். அம்மா போனபிறகு தமிழில் எழுத எனக்கு வேறு ஆளும் இல்லை.

நம் அறிவியல் வண்டி ஓடுகிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் பழைய ஆம்புலன்ஸை வாங்கி அதில் மைக்ராஸ்கோப்பை ஏற்றியபோது, பாலிகஞ்ச் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே வண்டியில் இந்த மாதம் பதினோரு பள்ளிக்கூடம் போய் வந்துவிட்டேன். இடுப்புதான் போய்விட்டது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒன்பதாம் வகுப்பு. கூப்பிடுகிற பேர் புச்கி. புச்கி என்றால் பொடிசு, உனக்குத் தெரியும். இவளோ என்னைவிட ஒரு சாண் உயரம். நல்ல பேர் சுசரிதா மாஹாதோ. பதிவேட்டுப் பேரை வங்காளிகள் ‘பாலோ நாம்’ என்பதை நம் வீட்டில் அப்படியே ‘நல்ல பேர்’ ஆக்கிவிட்டோம். மெட்ராஸ் சித்தி வந்திருந்தபோது, “அதென்னடி, மத்ததெல்லாம் கெட்ட பேரா?” என்று சிரித்தாளே! சுசரிதா என்பதெல்லாம் வருகைப் பதிவேட்டோடு சரி.

போன செவ்வாய்க்கிழமை மல்டிமீட்டரை வைத்து பாட்டரியை அளக்கச் சொல்லிக்கொடுத்தேன். இவள் அளந்துவிட்டு, “மீட்டர் சரியாக் காட்டுதான்னு எதை வச்சு அளப்பீங்க, தீதிமொணி?” என்று டீச்சரையே கேட்டாள். இன்னொரு மீட்டரை வைத்து என்றேன். “அது சரின்னு?” என்றாள். முப்பது வருஷம் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒரு பிள்ளை இதைக் கேட்டதில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

ஜனவரியில் ஜாதவ்பூரில் நடக்கப்போகிற முகாமுக்கு முதல் பேராக இவளை எழுதிக்கொள். இவளுடைய அத்தை திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். இவளையும் அங்கே அனுப்பிவிட அம்மாக்காரி பார்க்கிறாள். முகாமில் தேறினால் கல்கத்தாவிலேயே ஹாஸ்டலில் வைத்துப் பன்னிரண்டாவது வரை படிக்கவைப்போம் என்று சொல்லித்தான் நிறுத்திவைத்திருக்கிறேன்.

இன்னொன்று, இது உன்னோடு இருக்கட்டும். காம்பஸ் வேண்டுமென்று அவள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். உள்ளே சோறு. பள்ளிக்கூடத்தில் போடுகிற மத்தியானச் சாப்பாட்டில் பாதியை அதில் அடைத்து, தம்பிக்கும் அம்மாவுக்கும் கொண்டுபோகிறாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூடிக் கையில் கொடுத்துவிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, உன்னிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா
மீனாக்ஷி


பெஹாலா
19 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்து சேர்ந்தது. பெஹாலாவில் மூன்று நாளாக முழங்கால் தண்ணீர். தபால்காரர் கீழ்வீட்டு கோஷ் பௌதியிடம் கொடுத்துவிட்டுப் போக, பௌதி அதை இஸ்திரி போட்டுக் காயவைத்துக் கொடுத்தாள். தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு, “இதென்ன, உங்க அக்கா ஜிலேபி பிழிஞ்சு அனுப்பியிருக்காங்களா?” என்றாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நாலு மாவட்டத்தில் ஒரு வண்டியை வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஓட்டுவது? மாநிலத்தின் இருபத்து மூன்று மாவட்டத்துக்கும் ஒவ்வொரு வண்டி, வருஷா வருஷம் முகாம் என்று நான் போட்ட திட்டத்தை ஒரு கம்பெனி கமிட்டி கையில் எடுத்திருக்கிறது. இதுவரை ஏழு கம்பெனிப் படி ஏறி இறங்கிவிட்டேன். இவர்கள்தான் முதல்முறையாக எனக்கு டீ கொடுத்தார்கள்.

அவர்கள் கேட்பது ஒன்றுதான். எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள் என்று நான் அட்டவணை நீட்டினால் மொபைலைப் பார்க்கிறார்கள். “ஒரு பெண்ணைக் காட்டுங்க சார். ஒரு முகம் வேணும். படிச்சதும் தொண்டை அடைக்கணும்” என்கிறார் கமிட்டியின் தலைவர். உன் கடிதத்தைப் படித்து எனக்குத் தொண்டை அடைத்தது, அக்கா. பாலிகஞ்ச் ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த ஜாமெட்ரி பாக்ஸை அறிக்கையில் எழுதட்டுமா? ஒரு பத்திதான். அதை எழுதினால் இருபத்து மூன்று மாவட்டமும் கிடைத்துவிடும் என்று என் மனசு சொல்கிறது. வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

நாணு


புருலியா
30 ஜூலை 2024

அன்புள்ள நாணுவுக்கு,

வேண்டாம் என்று எழுதி ஒட்டி, தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்பிவந்தேன். இது இரண்டாவது கடிதம்.

நேற்று பந்த்வான் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் போனோம். ஆய்வகம் என்று ஒரு அறை இருக்கிறது, பூட்டு துருப்பிடித்துத் திறக்கவே வரவில்லை. சாவி யாரிடம் என்று தலைமை ஆசிரியருக்கே தெரியவில்லை. அறுபது பிள்ளைகள் வண்டி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட மைக்ராஸ்கோப் கிடைக்கவில்லை. மறுபடி எப்போது வருவீர்கள் என்றார்கள். அடுத்த வருஷம் என்று சொல்ல எனக்கு வாய் கூசியது. நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எழுதுவதானால் எழுதிக்கொள். ஆனால் ஒன்று, அவள் நல்ல பேர் அடிபடக் கூடாது. வயசுப் பெண், கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொல்கிறேன். மற்றதை உன் பொறுப்பில் விடுகிறேன்.

முகாமுக்குப் போட்டுக்கொள்ள புச்கிக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறேன். கல்கத்தாவில் டிராம் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டாள். நீ வந்து பார்ப்பதற்குள் நிறுத்திவிடமாட்டார்கள் என்றேன்.

மீனாக்ஷி


பெஹாலா
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிடைத்துவிட்டது! இருபத்து மூன்றும்! மூன்று வருஷத்துக்கு! கமிட்டி தலைவர் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா இருந்திருந்தால் முதல் வேலையாக உனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பாள்.

வங்காளத்திலும் இங்கிலீஷிலும் அழகான கையேடு அச்சடித்திருக்கிறோம். எல்லா மாவட்டத்துப் பள்ளிகளுக்கும் அனுப்புகிறார்கள். பதினான்காம் தேதி பாலிகஞ்சில் விழா. நீதான் விளக்கேற்றவேண்டும். மாட்டேன் என்று சொல்லாதே, உன் பேரை அழைப்பிதழில் போட்டாயிற்று.

அந்தப் பெண்ணின் விஷயத்தில் நீ சொன்னதை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றியிருக்கிறேன். கவலைப்படாதே. வந்து உன் கண்ணாலேயே பார்.

நாணு


புருலியா
25 செப்டம்பர் 2024

திரு. வெங்கடநாராயணன் அவர்களுக்கு,

விழா மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்துதான் கையேட்டைப் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. விளக்கேற்றாமல் ஏன் எழுந்து போனாய் என்று நீங்கள் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இங்கே நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் பஸ் பிடித்து வந்துசேர்வதற்கு முன்னாலேயே கையேடு வந்துவிட்டது. நம் மாவட்டத்துக்குப் பெருமை என்று ஒரு தலைமை ஆசிரியர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். ‘புருலியாவைச் சேர்ந்த உயரமான பெண் புச்கி, ஜாமெட்ரி பாக்ஸில் சோற்றை ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறாள்.’ உயரமான புச்கி! அந்த வட்டாரத்தில் இருப்பதே ஒருத்திதான். சுசரிதா என்று போட்டிருந்தால்கூட, யாருடா அது என்று கேட்டிருப்பார்கள்.

பள்ளிக்கூட வாசலில் பையன்கள் அவளுக்கு ‘பாத்சோர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள், சோற்றுத் திருடி. சாப்பாட்டு வரிசையில் பரிமாறுகிற அம்மாள் எல்லார் முன்னாலும், “பாக்ஸைத் திற, பார்க்கலாம்” என்றாளாம். அன்றைக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனவள்தான். எட்டு நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே, “நீங்க பார்த்ததை நீங்களே வச்சிக்கக் கூடாதா, தீதிமொணி?” என்றாள். என்ன சொல்லலாம், நீங்கள்தான் சொல்லுங்கள்.

மீனாக்ஷி


பெஹாலா
3 அக்டோபர் 2024

அக்கா,

‘திரு’ போட்டிருக்கிறாய். ‘நீங்கள்’ வேறு. கோஷ் பௌதியின் முன்னால் கடிதத்தைப் பிரித்துத் தொலைத்தேன், என் முகம் போன போக்கைப் பார்த்து யார் இறந்துவிட்டார்கள் என்று கேட்டாள்.

உன் ஜூலைக் கடிதம் என் முன்னால் இருக்கிறது. ‘அவள் நல்ல பேர் அடிபடக் கூடாது.’ உன் கையெழுத்துதான். நல்ல பேர் அடிபடக்கூடாது என்றால் நான் என்ன புரிந்துகொள்வேன்? பாலோ நாம் வெளியே வரக்கூடாது, ரிஜிஸ்டரில் உள்ள பேர் கையேட்டில் வரக்கூடாது என்றுதானே? சுசரிதா மாஹாதோ என்ற பேர் எங்காவது தப்பித்தவறி வந்துவிட்டதா என்று அச்சகத்தில் உட்கார்ந்து மூன்று தடவை பார்த்தேன், அக்கா. அதை எடுத்துவிட்டுக் கூப்பிடுகிற பேரைப் போட்டேன். அது மறைப்பு என்று நினைத்தேன்.

ஏன் நினைத்தேன் என்று கேட்பாய். என்னைப் பார். ஆபீசில் நான் வெங்கடநாராயணன். வங்காளிகள் வாயில் பெங்கட். நாணு என்று ஒருத்தன் இருப்பது பாலிகஞ்சில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியுமா? நம் வீட்டு வாசல்படியைத் தாண்டாத பேர் அது. அவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, தெருவெல்லாம் பிள்ளைகளை பாபாய், டுபாய், புபாய் என்று கூப்பிடுகிற பேரால் கத்துவதை ஐம்பத்தைந்து வருஷம் கேட்டவன் இப்படி நினைத்தேன் என்றால் என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

கையேட்டைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டேன். போன இடத்திலிருந்து எது திரும்பப்போகிறது? நேற்று மஹாளயம். பந்தலில் டாக் மேளம் அடித்துப் பார்க்கிறார்கள். காது அடைக்கிறது. இந்த வருஷம் எனக்குப் பூஜை இல்லை.

அம்மாவும் அப்பாவும் போனபிறகு அந்தப் பேரால் என்னைக் கூப்பிட நீ ஒருத்திதான் பாக்கி. அதையும் நிறுத்திவிடாதே.

நாணு


புருலியா
20 அக்டோபர் 2024

வெங்கடநாராயணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, நான் எழுதிய வரியை நாலு நாள் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நான் எழுதியது சித்தியின் தமிழ். அவள் மானம் கெடக் கூடாது, நாலு பேர் வாயில் அவள் விழக் கூடாது என்று எழுதினேன். நீ அதை நம் வீட்டுத் தமிழில் படித்தாய். அந்த நல்ல பேர் வேறு, இந்த நல்ல பேர் வேறு. ஒரே வீட்டில் வளர்ந்தோம், ஒரே அம்மாவிடம் அனா ஆவன்னா எழுதினோம், என்ன பிரயோஜனம்?

உன்மேல் மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். பார்த்ததை மூடிக் கொடுத்தேன் என்று பெருமையாக எழுதினேனே, மூடியவள் அன்றைக்கே உனக்கு ஏன் எழுதினேன்? அவள் அம்மா சரியாகத்தான் கேட்டாள்.

நீ நேரில் வா. நிதி கேட்கிற வாயை பெஹாலாவில் வைத்துவிட்டு வா. அவளிடம் மன்னிப்புக் கேள். ஜனவரிக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. திருப்பூருக்கு அனுப்புகிற பேச்சு மறுபடி ஆரம்பித்துவிட்டது. என்னால் நிறுத்திவைக்க முடியவில்லை.

மீனாக்ஷி


பெஹாலா
18 நவம்பர் 2024

அக்கா,

உன்னிடம் சொல்லாமலேயே போய்வந்தேன். நீ பக்கத்தில் நின்றால் உன் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவேன், அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்று பயம்.

வாசலில் நின்று, வழியெல்லாம் மனப்பாடம் செய்தபடி, “புச்கி இருக்கிறாளா?” என்று கேட்டேன். பார், அங்கேயும் போய் அதையே செய்திருக்கிறேன். சுள்ளி உடைத்துக்கொண்டிருந்த உயரமான பெண் நிமிர்ந்து, “அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லை” என்றாள். யார் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் மறுபடி அந்தப் பேர் வாயில் வரவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். என்னுடைய பாங்லா ஒருநாளும் அப்படித் திக்கியதில்லை. கேட்டுவிட்டு அவள், “எத்தனை வண்டி வாங்கினீங்க?” என்றாள். இருபத்து மூன்று என்றேன். “மீட்டரெல்லாம் புதுசா?” என்றாள். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் தேவலை.

முகாம் கடிதத்தை நீட்டினேன். “முகாம்ல என்னைப் பத்திப் பேசுவீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “மத்த பிள்ளைங்க அந்தப் புஸ்தகத்தைப் படிச்சிருப்பாங்க இல்லையா?” என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. முகாமுக்கு வருகிற நாற்பது பிள்ளைகளின் பள்ளிக்கும் நானே கட்டுக்கட்டாக அனுப்பிய கையேடு அது.

அப்போது உள்ளேயிருந்து அவள் அம்மா கூப்பிட்டாள், “சுசரிதா, அடுப்பைப் பாரு.” பெற்றவள் தன் பெண்ணை வருகைப் பதிவு எடுக்கிற மாதிரிக் கூப்பிடுகிறாள், அக்கா. தம்பிப் பையன் வழக்கம்போல ‘புச்…’ என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த வீட்டிலிருந்து ஒரு பேரையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ரயிலில் டாட்டாநகர்க்காரர் ஒருவர் ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். பல்வலி என்றேன்.

கடிதத்தைத் திண்ணையில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தேன். முகாமில் முதல் பேர் அவளுடையதுதான். மாற்றவில்லை.

வெங்கடநாராயணன்


புருலியா
12 ஜனவரி 2025

அன்புள்ள நாணுவுக்கு,

முகாம் தொடங்கி ஒரு வாரம் ஆகிவிட்டது, நீயும் ஒரு வரி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. முப்பத்தொன்பது பேர் வந்தார்கள் என்று பத்திரிகையில் பார்த்தேன். இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு அவள் திருப்பூர் புறப்பட்டுவிட்டாள். அங்கே கேட்டால் வயசு பதினெட்டு என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எங்கெங்கோ புகார் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவள் அம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “இங்கே அவள் தலைநிமிர்ந்து நடக்கமுடியலையே, தீதிமொணி, நீங்க என்ன செய்வீங்க?” என்றாள்.

புறப்படுவதற்கு முதல்நாள் சாயங்காலம் அவளாகவே என் அறைக்கு வந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு. ஸ்வெட்டரைக் கொடுத்தேன். அங்கே குளிராதாமே என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். திருப்பூரில் உங்கள் பாஷைதான் பேசுவார்களாமே, கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்றாள். நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். வங்காள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். தண்ணீர். சாப்பாடு. எவ்வளவு. வலிக்கிறது. வீட்டுக்குப் போகவேண்டும். அதை எழுதும்போது என் கை நின்றுவிட்டது, அவள்தான் “அடுத்தது” என்றாள்.

“என் பேர் இதுன்னு எப்படிச் சொல்றது?” என்று கேட்டாள்.

எந்தப் பேர் என்று நான் கேட்கவில்லை. ‘என் பேர் சுசரிதா’ என்று எழுதினேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். உன்னைவிட சுத்தமாகச் சொல்கிறாள். நன்றாகச் சொன்னாய் என்றேன். சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

உன்னிடம் இனிமேல் ‘திரு’ கிடையாது, பயப்படாதே. நீ நாணுதான், நான் இருக்கிறவரைக்கும் நாணுதான். வண்டிகளை நிறுத்திவிடாதே. பந்த்வானுக்கு வருஷத்துக்கு நாலு தடவை வண்டி போகவேண்டும். அந்தக் கையேடு மட்டும் இனி எந்த வண்டியிலும் ஏறக் கூடாது.

கூப்பிடுகிற பேர் வாசல்படி தாண்டாது என்று நீ நினைத்த மாதிரியேதான் கடைசியில் நடந்திருக்கிறது, நாணு. அந்தப் பெரிய ஊரில் அவளுக்கு இன்னொரு பேர் இருந்தது என்பது ஒருத்தருக்கும் தெரியாது.

அக்கா
மீனாக்ஷி